கச்சான் காற்றும் கிற்றார்க் கம்பியும்

ஜூலை பிறந்துவிட்டால் உடப்புசல்லாவைப் பக்கம் காற்றின் குணம் மாறிவிடும். தென்மேற்குப் பருவமழை நுவரெலியா மலைகளின் மேற்குச் சரிவிலேயே தன் ஈரத்தைக் கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டி இந்தப் பக்கம் இறங்கி வருவது உலர்ந்த கச்சான் மட்டும்தான். கொழுந்து மெதுவாக வளரும். மெதுவாக வளரும் கொழுந்தில் வாசனை செறியும். ஜூலை முதல் செப்டெம்பர் வரை இங்கே ஆயும் தேயிலைக்குத் தனி மதிப்பு உண்டென்று தேயிலைக்காரர்கள் சொல்வதன் காரணம் இதுதான்.

அதே காற்றில், லயக் காம்பராவின் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்ட கிற்றாரும் தன் குணத்தை மாற்றிக்கொள்ளும். நேற்றுச் சுருதி சேர்த்து வைத்தது இன்று சேராது. ஒரு கம்பி மெட்டில் பட்டு 'ஙீ' என்று இரையும். பெரும்பாலும் பிள்ளைகள் கம்பி பழுது என்று நினைத்துப் புதுக் கம்பி வாங்குகிறார்கள். பழுது கம்பியில் இல்லை, மரத்தில் இருக்கிறது. ஒரு செற் கம்பி வாங்கும் காசு தோட்டத்து வீட்டில் சின்னக் காசு இல்லை என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதவேண்டியிருக்கிறது.

மரம் வெட்டுப்பட்ட பிறகும் ஈரத்தைக் குடித்துக்கொண்டும் விட்டுக்கொண்டும்தான் இருக்கும். ஈரத்தைக் குடித்தால் ஊதும், விட்டால் சுருங்கும். இந்த ஊதலும் சுருங்கலும் நார் ஓடும் திசையில் மிகக் குறைவு, நாருக்குக் குறுக்காகத்தான் அதிகம். கிற்றாரின் மேற்பலகை கனம் குறைந்த அகலமான பலகை. நார் கழுத்திலிருந்து அடிப்பக்கம் நோக்கி ஓடுகிறது. ஆகவே பலகை அகலவாக்கில் ஊதும். பக்கங்களில் ஒட்டப்பட்டிருப்பதால் அகலத்துக்கு இடமில்லை, வயிறு போல மேலே எழும்பும். அதன்மேல் ஒட்டியிருக்கும் குதிரை (வீணையில் தந்தியைத் தாங்குவதற்கு இருப்பதைப் போன்றதே இது) தானும் உயரும். கம்பி மெட்டுகளிலிருந்து விலகி நிற்கும். விரலால் அழுத்த வலிக்கும். இது மழைக்காலத்து நோய். கச்சான் காலத்தில் தலைகீழ்: பலகை உள்ளே இறங்கும், கம்பி தாழும், மெட்டில் உரசி இரையும். மெட்டுப்பலகை சுருங்குவதால் மெட்டுக் கம்பிகளின் முனை வெளியே நீட்டிக்கொண்டு கையைக் கீறும். கிற்றாரின் கழுத்தோரம் விரலை ஓட்டிப் பார்த்தால், காற்றில் எவ்வளவு ஈரம் குறைந்திருக்கிறது என்று கருவி இல்லாமலே தெரிந்துவிடும்.

கிற்றார் செய்பவர்கள் விரும்பும் ஈரப்பதம் 45 முதல் 55 வீதம். பனி இறங்கிய உடப்புசல்லாவைக் காலையில் காற்றின் ஈரம் 90ஐத் தாண்டுவது சாதாரணம்.

தப்புக்காரர்களுக்கு இதெல்லாம் புதிய செய்தியே இல்லை. ஒரு காலத்தில் விடியற்காலையில் பெரட்டுக்கு ஆட்களை எழுப்பியது தப்புத்தான். மாசியில் காமன் கூத்துக்கும் திருவிழாவுக்கும் சாவு வீட்டுக்கும் இன்றும் அது வேண்டும். அடிப்பதற்கு முன்னால் அவர்கள் கொஞ்சம் சருகோ கடதாசியோ கொளுத்தித் தோலைக் காய்ச்சுவார்கள். ஈரம் குடித்துத் தளர்ந்த தோல் சூட்டில் இறுகும், சத்தம் 'கணீர்' என்று வரும். மலைநாட்டுக் குளிருக்கு எதிராக 200 வருடமாகச் செய்துவரும் சுருதி வேலை அது. ஆனால் அதைப் பார்த்துப் பழகிய கை கிற்றாரையும் அடுப்புப் பக்கம் கொண்டுபோகக் கூடாது. தப்பில் பசை கொஞ்சம்தான், கிற்றார் முழுவதும் பசையால் நிற்கும் பொருள். சூடு 60 பாகையைத் தாண்டினால் மரப்பசை இளகத் தொடங்கும். இளகும் நேரத்தில் கம்பி சும்மா இருக்காது.

கம்பியின் இழுவிசை எவ்வளவு என்று பலருக்குத் தெரியாது. சாதாரண மென்கனத்து உருக்குக் கம்பி 6ஐயும் முழுச் சுருதியில் ஏற்றினால் மொத்தம் ஏறத்தாழ 72 கிலோ பாரம் அந்தக் குதிரையை முன்னோக்கி இழுக்கிறது. ஒரு பேர் விழ 18 கிலோ கொழுந்து எடுக்கவேண்டிய தோட்டத்தில் இது நான்கு நாள் கொழுந்தின் பாரம். இராப்பகலாக, வருடக்கணக்காக, ஒரு மில்லிமீற்றர் சில கொண்ட பலகையில் அதைத் தொங்கவிட்டிருக்கிறோம். நைலோன் கம்பிக்கு ஏறத்தாழப் பாதி போதும். அதனால்தான் உருக்குக் கம்பிக்கென்று செய்யாத கிற்றாரில் உருக்குக் கம்பி பூட்டினால் குதிரை பெயர்ந்து கையோடு வந்துவிடுகிறது. தோட்டப்புறத்தில் நான் பார்த்த உடைந்த கிற்றார்களில் அரைவாசிக்கு மேல் இப்படிப் போனவைதான்.

இதில் ஏழைக்கு ஒரு ஆறுதலும் உண்டு. விலை கூடிய கிற்றாரில் மேற்பலகை ஒரே மரத்தால் ஆனது, அதுதான் வறட்சியில் வெடிக்கும். மலிவான கிற்றாரில் அது பிளைவூட். அடுக்குகளின் நார் ஒன்றுக்கொன்று குறுக்காகப் போவதால் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும். சத்தத்தில் அது தோற்கும், பனியையும் கச்சானையும் தாங்குவதில் வெல்லும். லயத்தில் வைக்க எது நல்லது என்று கேட்டால் பிளைவூட் என்றே சொல்வேன்.

பாதுகாப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. வெளிச்சுவரில் தொங்கவிட வேண்டாம். தகரக் கூரையின் குளிர் அந்தச் சுவரில்தான் வியர்வையாக இறங்கும். உட்சுவர் நல்லது. அடுப்படிச் சுவர் வேண்டாம், விறகுப் புகை கம்பியில் படிந்து துருவுக்கு வழி செய்யும். பைக்குள் வைப்பது எல்லாவற்றிலும் நல்லது. சப்பாத்துப் பெட்டியிலும் மருந்துப் போத்தலிலும் வரும் சின்னச் சின்ன ஈரமுறிஞ்சிப் பொட்டலங்களைச் சேர்த்து மழைக்காலத்தில் பைக்குள் போடலாம். கொஞ்ச நாளில் அவை நிறைந்துவிடும். வெயிலில் காயவைத்துத் திரும்பப் போடவேண்டும். கச்சான் காலத்தில் அவற்றை எடுத்துவிட வேண்டும். எடுக்க மறந்தால் காய்ந்த மரத்தை இன்னும் காயவைக்கும் வேலையைத்தான் அவை செய்யும். வாசித்து முடித்தபின் பழைய பருத்தித் துணியால் கம்பியைத் துடைத்தால் அதன் ஆயுள் கூடும். பஸ்ஸில் தூரம் போகும்போது கம்பியைக் கொஞ்சம் தளர்த்துங்கள். பின் கண்ணாடிப் பக்கம், வெயில் விழும் இடத்தில் வைக்காதீர்கள்.

இந்தக் கடைசி அறிவுரையை எழுதுவதற்குக் காரணம் உண்டு. மலையகத்துக் கிற்றார்கள் வடக்குக்குப் போகின்றன. 1977 கலவரத்துக்குப் பிறகும், 1981, 1983 வன்முறைகளுக்குப் பிறகும் தோட்டங்களைவிட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் குடியேறிய குடும்பங்கள் ஆயிரக்கணக்கில். காந்தியம் போன்ற அமைப்புகள் அவர்களில் பலரை வன்னி எல்லையில் குடியமர்த்தின. தேயிலையிலிருந்து தப்பிப் போனவர்கள் போருக்குள் போய் விழுந்தார்கள். என் சித்தப்பாவின் குடும்பமும் அப்படித்தான். 2008 கடைசியில் கிளிநொச்சியைவிட்டுப் புறப்பட்டபோது அவர்கள் எடுத்துக்கொண்டது அரிசி, இரண்டு பாத்திரம், அடையாள அட்டைகள், ஒரு தறப்பாள். சித்தப்பாவின் கிற்றார் வீட்டுச் சுவரிலேயே இருந்தது. வீடும் பிறகு இல்லை. அவர் அதைப்பற்றிக் கதைப்பதேயில்லை. போனவர்களின் கணக்குக்கு முன்னால் ஒரு மரப்பெட்டியைப் பற்றிக் கதைப்பது எப்படி என்ற கூச்சமாக இருக்கலாம்.

போர்க்காலத்து வடக்கில் மரக்கிற்றாருக்கும் மின்கிற்றாருக்கும் வாழ்வு ஒன்றாக இருக்கவில்லை. 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் வருடக்கணக்கில் மின்சாரம் கிடையாது. பற்றரியும் தடைப்பட்ட பொருள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை. மின்கிற்றாரின் கம்பிக்குக் கீழே காந்தத்தைச் சுற்றிய செப்புக் கம்பிச் சுருள் இருக்கிறது. உருக்குக் கம்பி அதன்மேல் அதிரும்போது சுருளில் மிகச் சிறிய மின்னோட்டம் பிறக்கிறது. அதைப் பெருக்கிக் காட்ட ஒரு பெட்டி இல்லையென்றால் மின்கிற்றார் ஊமை. மரக்கிற்றாருக்கு வயிறே ஒலிபெருக்கி.

பேஸ் கிற்றாரின் பாடு இன்னும் மோசம். அதற்கு 4 கம்பி. கீழ்க் கம்பி நொடிக்கு 41 தடவை அதிர்கிறது. சாதாரண கிற்றாரின் கீழ்க் கம்பி 82 தடவை. அதாவது பெயர் ஒன்று, ஸ்தாயி ஒன்று கீழே. முன்னர் இந்த வேலையைச் செய்தது ஆளுயர இரட்டை பேஸ். அதைத் தூக்கிக்கொண்டு அலைய முடியாது, பிற வாத்தியங்களின் சத்தத்துக்குள் அது கேட்பதும் இல்லை என்பதற்காக, கலிபோர்னியாவில் வானொலிப் பெட்டி திருத்தும் கடை வைத்திருந்த லியோ பெண்டர் 1951இல் மெட்டு வைத்த மின் பேஸைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அவருக்குக் கிற்றார் வாசிக்கத் தெரியாது என்பது இதில் வேடிக்கை.

எங்கள் பக்கத்தில் பேஸ் வாசிக்க ஆள் கிடைப்பதில்லை. கோயில் திருவிழாவுக்கு மேடையேறும் இசைக்குழுக்களில் கிற்றாருக்கு மூன்று பேர் போட்டி போடுவார்கள், பேஸை யாராவது ஒருவர் தலையில் கட்டிவிடுவார்கள். இதற்கு ஒரு பௌதிகக் காரணமும் இருக்கிறது. இன்றைய பிள்ளைகள் பாட்டுக் கேட்பது கைத்தொலைபேசியின் சின்ன ஒலிபெருக்கியில். 41 அதிர்வைத் தள்ளுவதற்கு அதில் காற்று இல்லை. அதனால் பேஸ் என்ற ஒன்று பாட்டில் இருப்பதே பலருக்குத் தெரியாமல் போகிறது. இளையராஜாவின் 80களின் பாடல் ஒன்றை முதலில் தொலைபேசியிலும் பிறகு ஒரு நல்ல காதுப்பொறியிலும் கேட்கச் செய்யுங்கள். அவருடைய குழுவில் சசிதரனின் பேஸ் பாடகரின் மெட்டுக்குக் கீழே தன்பாட்டில் இன்னொரு பாட்டைப் பாடிக்கொண்டு போவதை அப்போதுதான் கேட்பார்கள். உறுமி கேட்டு வளர்ந்த காதுக்கு அதைப் பிடித்துக்கொள்ள அதிக நேரம் ஆகாது.

பெருக்கி இல்லாமல் பேஸ் பழகவும் வழி உண்டு. பேஸின் கொம்பை மர அலுமாரியில் அல்லது கதவில் முட்டுக்கொடுத்து வாசித்தால் அலுமாரி முழுவதும் வயிறாகிவிடும். பக்கத்துக் காம்பராக்காரர் திட்டுவார் என்பதிலிருந்தே அது வேலை செய்வது தெரியும். பேஸே இல்லாவிட்டால் சாதாரண கிற்றாரின் மேற்புற 4 கம்பியில் பழகலாம். இரண்டிலும் அந்த நான்கின் சுருதிப் பெயரும் ஒன்றே, விரல் போகும் இடமும் ஒன்றே.

காசுக் கணக்கைப் பார்த்துவிடுவோம். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360க்குத் தாவியபோது இறக்குமதிப் பொருள் எல்லாம் கையைவிட்டுப் போயின. கம்பியும் இறக்குமதிதான். பெயர்பெற்ற கம்பனியின் பேஸ் கம்பி ஒரு செற் வெளிநாட்டில் 20 முதல் 30 டொலர். டொலர் 300 என்று வைத்தாலும், 2024இல் அறிவித்த 1,350 ரூபா நாட்சம்பளத்தில் அது நான்கு முதல் ஏழு நாள் வேலை. தீர்வை, கடைக்காரர் இலாபம் தனி. ஆகவே செத்த பேஸ் கம்பியை யாரும் எறிவதில்லை, அவிக்கிறார்கள். கழற்றிச் சுருட்டிக் கொதிநீரில் பத்து நிமிடம் போட்டால் சுற்றுகளுக்குள் இறுகிய வியர்வையும் அழுக்கும் கரைந்து போகும். நன்றாக உலர்த்திப் பூட்டினால் சில வாரங்களுக்குப் புதுக் கம்பியின் பளிச்சென்ற சத்தம் திரும்பும். இது வறுமைக்குப் பிறந்த தந்திரம் மட்டுமல்ல, மேல்நாட்டு பேஸ்காரர்களும் செய்வதுதான்.

மேல்நாட்டில் கிற்றார் 'சேகரிப்பு' என்றால் ஒருவரிடம் பல. பிங்க் ஃபுளொய்ட் குழுவின் டேவிட் கில்மோர் 2019 ஜூனில் தன் கிற்றார்கள் 120க்கு மேற்பட்டவற்றை நியூயோர்க்கில் ஏலம்விட்டார். 2 கோடியே 14 லட்சம் டொலர் சேர்ந்தது. முழுவதையும் காலநிலைக்காக வழக்காடும் ஒரு அமைப்புக்குக் கொடுத்தார். கனடாவின் கெடி லீ தன் 250க்கு மேற்பட்ட பேஸ்களைப் பற்றி 2018இல் ஒரு பெரும் புத்தகமே போட்டார். இங்கே கணக்கு தலைகீழ்: ஒரு கிற்றார், பல பேர். எங்கள் லயத்தில் இருந்தது ஒன்றுதான். நான்கு வீட்டுப் பிள்ளைகள் அதில் பழகினோம். திங்கள் ஒரு வீடு, செவ்வாய் ஒரு வீடு. கம்பி அறுந்தால் யார் கையில் அறுந்ததோ அவர் வாங்கவேண்டும் என்று ஆரம்பத்தில் ஒரு சட்டம் வைத்தோம். அது உடனே தோற்றது. அறுந்துவிடும் என்ற பயத்தில் யாரும் சுருதியை முழுதாக ஏற்றவில்லை. பிறகு எல்லோரும் மாதம் ஒரு சின்னத் தொகை போடுவதென்று மாற்றினோம். அன்றைக்குத்தான் கிற்றார் சரியான சுருதிக்கு வந்தது.

பகிர்ந்து பாவிப்பதில் ஒரு தொழில்நுட்பச் சிக்கல் உண்டு. ஒருவர் மென்கனத்துக் கம்பியும் அடுத்தவர் பருத்த கம்பியும் மாறிமாறிப் பூட்டக்கூடாது. இழுவிசை மாறினால் கழுத்தின் வளைவு மாறும். கழுத்துக்குள் ஒரு இரும்புக் கோல் ஓடுகிறது, அதை ஒரு திருகால் இறுக்கித் தளர்த்தி வளைவைச் சரிசெய்யலாம். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருகவேண்டாம், திருகியபின் ஒரு நாள் பொறுங்கள். நைலோன் கம்பிக் கிற்றார்கள் பலவற்றில் அந்தக் கோலே இருக்காது.

ஏன் கிற்றார், ஏன் தப்பு இல்லை என்று பெரியவர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. அதற்கு நேர்மையான பதிலும் உண்டு, யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. தப்பைத் தூக்கினால் சாதி கூடவே வரும். இன்னார் வீட்டுப் பிள்ளை என்று முகம் பார்க்காமலே சொல்லிவிடுவார்கள். கிற்றாருக்கு அந்த முத்திரை இல்லை. தேவாலயப் பாடகர் குழுவிலும், பைலா மேடையிலும், சினிமாவிலும் அதைப் பார்த்திருக்கிறோம். உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம் 60களின் பிற்பகுதியில் அதைப் பிடித்துக்கொண்டு தமிழில் பொப் பாடினார். பிறகு ஏ.ஈ. மனோகரன் அதைக் கடல் கடந்து கொண்டுபோனார். சிங்களப் பாட்டுக்குள் மின்கிற்றாரைக் கொண்டுவந்தவர் என்று சொல்லப்படும் கிளரன்ஸ் விஜேவர்தன 1943இல் பிறந்தது ஹப்புத்தளையில், நாங்கள் இருக்கும் இதே மலைத்தொடரில். கிற்றார் கற்பது பிழையில்லை. தப்பை வெட்கத்தால் விடுவதுதான் உறுத்துகிறது.

கிற்றாரின் மரத்துக்கும் நமக்கும் உறவு இருக்கிறது. முதுகுக்கும் மெட்டுப்பலகைக்கும் உலகெங்கும் பாவிப்பது ஈட்டி மரம், தமிழ்நாட்டில் தோதகத்தி என்றும் சொல்வார்கள். பிரேசில் மரம் கிடைப்பது அரிதானபோது அமெரிக்காவின் மார்ட்டின் கம்பனி 1969இல் இந்திய ஈட்டிக்கு மாறியது, மற்றவர்களும் பின்னால் வந்தார்கள். அந்த மரம் நிற்பது மேற்குத் தொடர்ச்சி மலையில், கோப்பிக்கும் தேயிலைக்கும் நிழலாக. 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தில் இங்கிருந்து கப்பலேற்றப்பட்டவர்களில் பலர் போய்ச் சேர்ந்ததும் அதே நீலகிரிப் பக்கம்தான். அவர்களுக்கென்று தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டங்களில் இன்றும் கொழுந்தெடுக்கிறார்கள். 2017 ஜனவரியில் ஈட்டி இனம் முழுவதையும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தார்கள். கிற்றார்க் கம்பனிகள் தடுமாறி வேறு மரம் தேடின. 2019 நவம்பரில் செய்துமுடித்த வாத்தியங்களுக்கு விலக்குக் கிடைத்தது. வெளிநாட்டு உறவுகள் பழைய கிற்றாரோடு ஊர் வரப் பயப்பட்டது அந்த இடைக்காலத்தில்தான். நம் தோட்டங்களில் நிழலுக்கு நட்ட கிரவீலியாவிலும் கிற்றார் செய்யலாம், அதன் தாய்நாடான ஆஸ்திரேலியாவில் செய்கிறார்கள். இங்கே அது பெரும்பாலும் விறகு.

கடைசியாக ஒரு சின்ன வேலை. பீட்டில்ஸ் குழுவின் போல் மெக்கார்ட்னி 1961இல் ஹம்பேர்க்கில் ஏறத்தாழ 30 பவுணுக்கு வாங்கிய வயலின் வடிவ பேஸ் 1972இல் லண்டனில் ஒரு வாகனத்திலிருந்து களவு போனது. 51 வருடம் கழித்து, ஒரு வீட்டின் பரண் மேலிருந்து கிடைத்து அவரிடம் திரும்பிவிட்டதை 2024 பெப்ரவரியில் அறிவித்தார்கள். அதுதான் இது என்று நிறுவ முடிந்தது படங்கள் இருந்ததால். செய்த கம்பனி அதைப் பரிசோதித்து உறுதிசெய்தது. நம்மவர் இழந்தவற்றில் எதற்கும் படமில்லை, பற்றுச்சீட்டில்லை. இப்போது கைவசம் இருப்பதற்காவது செய்து வையுங்கள்: முன்பக்கம், பின்பக்கம், தலைப்பக்கம் என்று மூன்று படம், தொடர் இலக்கம், கீறல்கள் எங்கே என்று ஒரு வரி. அவற்றை வேறொரு ஊரில் இருக்கும் உறவினருக்கும் அனுப்பி வையுங்கள்.

எங்கள் நான்கு வீட்டுக் கிற்றார் இப்போது கிளிநொச்சியில், சித்தப்பாவின் பேத்தியிடம். அங்கத்தைய சூட்டில் மேற்பலகை இறங்கிவிட்டது என்று போன கச்சானில் அறிவித்தாள். குதிரையின் மேலிருக்கும் வெள்ளைச் சட்டத்துக்கு அடியில் ஒரு துண்டு மெல்லிய மட்டையை வைத்துக் கம்பியை உயர்த்தச் சொன்னேன். ஒலித்துளைக்குள் நாங்கள் கம்பி மாற்றும்போதெல்லாம் பென்சிலால் திகதியும் பெயரும் எழுதிவைப்போம். டோர்ச் அடித்து அதைப் படமெடுத்து அனுப்பியிருந்தாள். கடைசித் திகதிக்குப் பக்கத்தில் இருந்தது அவளுடைய கையெழுத்து இல்லை, சித்தப்பாவுடையது.